பாரிஸ் மணம், பழைய தில்லி விலை!

புது தில்லி: சாந்தினி சௌக்கிலிருந்து ஜும்மா மசூதிப் பக்கம் பிரிந்து செல்லும் தரீபா கலான், வெள்ளி நகைக்கும் அத்தருக்கும் பெயர் பெற்ற தெரு. 1816-இல் தொடங்கப்பட்ட குலாப்சிங் ஜோஹ்ரிமல் அத்தர் கடை அதன் அடையாளங்களில் ஒன்று. முகலாயர் ஆட்சியின் அந்திக் காலத்தையும் ஆங்கிலேயர் ஆட்சியையும் கண்ட இந்த வட்டாரத்தில், இன்று சென்ட் வாங்க வரும் இளைஞர்கள் பலர் ரோஜாவையோ தாழம்பூவையோ கேட்பதில்லை. பிரெஞ்சு, இத்தாலி நிறுவனங்களின் பெயர்களைச் சொல்லி, "அதே மாதிரி இருக்கிறதா?" என்றே கேட்கிறார்கள்.

இருக்கிறது. சில்லறைக் கடைக்காரர் அலுமினியக் குப்பியைத் திறந்து, பஞ்சு சுற்றிய குச்சியால் தொட்டு மணிக்கட்டில் தடவுகிறார். விமான நிலையக் கடையிலும் தெற்கு தில்லியின் வணிக வளாகங்களிலும் ரூ. 10 ஆயிரம், ரூ. 20 ஆயிரம் என்று விற்கும் பாட்டிலின் மணம், இங்கே சில நூறு ரூபாய்க்குச் சின்னக் கண்ணாடிப் புட்டியில் கிடைக்கிறது. சதர் பஜாரின் மொத்தக் கடைகளுக்குச் சென்றால் விலை இன்னும் இறங்கும்.

இதைப் "போலி" என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட முடியாது. பெரிய நிறுவனத்தின் பெயரையும் பெட்டியையும் அப்படியே அச்சிட்டு விற்கும் "ஃபர்ஸ்ட் காப்பி" சட்டப்படி குற்றம், அதில் ஐயமில்லை. ஆனால், மணத்தை மட்டும் ஒத்ததாகச் செய்து, சொந்தப் பெயரில், சொந்தப் பாட்டிலில் விற்பது வேறு வகை. துபையிலிருந்து வரும் மலிவு விலை சென்ட்கள் பலவும் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. 2010-இல் வந்த கிரீட் நிறுவனத்தின் "அவென்டஸ்" என்ற விலையுயர்ந்த சென்ட்டுக்கு மாற்றாக, அர்மாஃப் நிறுவனத்தின் "கிளப் டி நூயி இன்டென்ஸ்" என்ற சென்ட்டை உலகெங்கும் பலர் வாங்குகின்றனர். இரண்டுக்கும் உள்ள விலை வேறுபாடு ஏறத்தாழ பத்து மடங்கு.

பாட்டிலுக்குள் என்ன?

விலையில் இத்தனை இடைவெளி எப்படி வருகிறது என்பதற்கு விடை பாட்டிலுக்குள்ளேயே இருக்கிறது. "ஓ டி பர்ஃபம்" என்று எழுதப்பட்ட 100 மி.லி. பாட்டிலில் வாசனைச் சாறு பொதுவாக 15 முதல் 20 மி.லி. வரைதான். எஞ்சியதில் பெரும்பகுதி எத்தில் ஆல்கஹால். "ஓ டி டாய்லெட்" என்றால் சாறு இன்னும் குறைவு. அந்தச் சாறும் முழுவதும் மலரிலிருந்து வந்ததன்று. பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தில் பிறந்த வேதிப்பொருள்களின் கலவை. வாங்குபவர் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு கண்ணாடி, பெட்டி, நட்சத்திர நடிகையின் விளம்பரம், கடை வாடகை, இறக்குமதி வரி, ஜி.எஸ்.டி. ஆகியவற்றுக்கே போகிறது.

இப்போது எந்தக் கலவையையும் ஆய்வுக்கூடத்தில் பிரித்தறிய முடிகிறது. வாயு நிறச்சாரல் பிரிகை, நிறை நிரல்மானி என்ற இரு கருவிகளை இணைத்துச் சோதித்தால், ஒரு சென்ட்டில் எந்தெந்த மூலக்கூறுகள் எந்த அளவில் உள்ளன என்பது ஏறக்குறையத் தெரிந்துவிடும். ஒரு மணப்பொருளுக்கான காப்புரிமை 20 ஆண்டுகளில் முடிகிறது. அதன்பின் யார் வேண்டுமானாலும் அதைத் தயாரிக்கலாம்.

மல்லிகையையே எடுத்துக்கொள்வோம். மல்லிகை மணத்தின் சாயல் கொண்ட "ஹெடியோன்" என்ற செயற்கை மணப்பொருளை ஸ்விட்சர்லாந்தின் ஃபர்மெனிச் நிறுவனம் கண்டறிந்தது. 1966-இல் வெளியான டியோர் நிறுவனத்தின் "ஓ சோவாஜ்" அதைப் பயன்படுத்திப் புகழ் பெற்றது. அன்று அரிதாக இருந்த அப்பொருள் இன்று டன் கணக்கில் தயாராகி, மலிவு சென்ட்டிலும் சோப்பிலும் கலக்கிறது. இயற்கை மல்லிகைச் சாற்றின் முக்கியக் கூறுகளில் ஒன்றான பென்சைல் அசிட்டேட்டும் அப்படியே. இந்த இரண்டும் கையில் இருந்தால், ஒரு பூவைக்கூடப் பறிக்காமல் மல்லிகை மணத்தை உருவாக்கலாம்.

ஏழைக்காகப் பேசிய நீதிபதி

மணத்தை நகலெடுப்பதைச் சட்டம் தடுக்காதா என்ற கேள்விக்கு ஐரோப்பாவே ஒரே குரலில் விடை சொன்னதில்லை. 2006 ஜூன் 13-இல் பிரான்ஸின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம், சென்ட்டின் மணம் தொழில்திறனால் விளைவது, அது பதிப்புரிமைக்கு உரிய படைப்பு அன்று எனத் தீர்ப்பளித்தது. மூன்று நாள் கழித்து, ஜூன் 16-இல், நெதர்லாந்து உச்ச நீதிமன்றம் நேர்மாறாகக் கூறியது. லான்கோம் நிறுவனத்தின் "த்ரெசோர்" சென்ட்டைப் போன்ற மணத்தைக் குறைந்த விலைக்கு விற்ற கெகோஃபா நிறுவனத்துக்கு எதிரான வழக்கு அது. மணத்துக்கும் பதிப்புரிமை உண்டு என்றது அந்தத் தீர்ப்பு. சென்ட் தொழிலின் தாயகமான பிரான்ஸ் மறுத்ததை நெதர்லாந்து வழங்கியது வியப்புக்குரியதுதான்.

இவற்றைவிட முக்கியமானது லோரியல் - பெல்லூர் வழக்கு. "எங்கள் சென்ட் இன்ன புகழ்பெற்ற சென்ட்டை ஒத்தது" என்ற ஒப்பீட்டுப் பட்டியலைக் கடைக்காரர்களுக்குக் கொடுத்தார்கள் என்பதே குற்றச்சாட்டு. அந்தப் பட்டியல் புகழ்பெற்ற வணிகச் சின்னத்தின் மதிப்பை முறையின்றிப் பயன்படுத்திக்கொள்வது என 2009-இல் ஐரோப்பிய நீதிமன்றம் கூறிவிட்டது. அதை நடைமுறைப்படுத்த வேண்டிய பொறுப்பு பிரிட்டனின் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தது. 2010-இல் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஜேக்கப், தாம் கட்டுப்பட்டிருப்பதால் மட்டுமே அதை ஏற்பதாகக் குறிப்பிட்டார். விற்கப்படும் பொருள் சட்டபூர்வமானது, சொல்லப்படும் செய்தியும் உண்மை. அப்படியிருக்க அதைச் சொல்லவே கூடாது என்பது ஏன் என அவர் கேட்டார். உண்மையான சென்ட்டைக் கனவிலும் வாங்க முடியாத ஏழைகளே இதனால் இழப்பவர்கள் என்றும் அவர் வெளிப்படையாக எழுதினார். சென்ட் பாட்டில் தொடர்பான வழக்கில் வர்க்கப் பிரச்னையை நீதிபதி ஒருவரே எழுப்பியது அபூர்வம்.

இந்தியாவிலும் மணத்தை நகலெடுப்பதை நேரடியாகத் தடுக்கும் சட்டம் இல்லை. 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்தின் 29(8) பிரிவு, பிறர் சின்னத்தின் மதிப்பை முறையற்ற வகையில் பயன்படுத்தும் விளம்பரத்தைத் தடுக்கிறது, மணத்தைத் தொடவில்லை. மணத்தையே வணிகச் சின்னமாகப் பதிவு செய்வதற்கும், அதை வரைபடமாகக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனை நீண்ட காலம் தடையாக இருந்தது. அத்தடை 2025 நவம்பரில்தான் நீங்கியது. இந்தியாவில் முதன்முதலாக ஏற்கப்பட்ட மணச் சின்னம் ரோஜாவின் மணம். விண்ணப்பித்தது சென்ட் நிறுவனம் அன்று. தனது டயர்களுக்கு ரோஜா மணம் ஊட்டும் ஜப்பானின் சுமிடோமோ ரப்பர் நிறுவனம்!

கன்னௌஜில் எரியும் அடுப்பு

தில்லிக்கு அத்தர் வருவது உத்தரப் பிரதேசத்தின் கன்னௌஜிலிருந்து. ஏழாம் நூற்றாண்டில் ஹர்ஷரின் தலைநகராக இருந்த ஊர் இது. தமிழக வாசகர்கள் பலருக்கு இதை அகிலேஷ் யாதவின் மக்களவைத் தொகுதியாகத் தெரியும். 2000-இல் இடைத்தேர்தலில் அவர் முதன்முதலாக நாடாளுமன்றத்துக்குச் சென்றது இங்கிருந்துதான். 2024-இலும் இங்கிருந்தே வென்றார்.

பாரிஸ் சென்ட்டுக்கு மலிவான மாற்று என்று இன்று பேசுகிறோம். உண்மையில் வட இந்தியாவின் சாமானிய மக்களுக்கு அத்தரே பல தலைமுறைகளாக அந்த இடத்தில் இருந்தது. ஆல்கஹால் இல்லாததால் ரமலான் மாதத்திலும் ஈத் பெருநாளிலும் அதற்கே தேவை அதிகம். ஒரு துளி தொட்டுக் காதுமடலின் பின்னே வைத்தால் நாள் முழுவதும் நிற்கும். விலை கூடுதலான வகையானாலும், மாத வருமானம் குறைந்தவரும் சிறிதளவு வாங்கிவிட முடிந்தது.

அதைத் தயாரிக்கும் முறை பெரிதும் மாறவில்லை. "தேக்" எனப்படும் பெரிய செப்பு அண்டாவில் பூவும் நீரும் இட்டு, மூடியைக் களிமண்ணாலும் பஞ்சாலும் அடைக்கிறார்கள். விறகு, வறட்டி எரியும் அடுப்பில் அண்டா ஏறுகிறது. ஆவி, கயிறு சுற்றிய மூங்கில் குழாய் வழியே நீர்த்தொட்டியில் அமிழ்ந்திருக்கும் "பப்கா" என்ற செப்புக் கலத்துக்குச் செல்கிறது. அந்தக் கலத்தில் முன்கூட்டியே ஊற்றி வைத்திருக்கும் சந்தன எண்ணெய், பூவின் மணத்தை உள்வாங்கிக் கொள்கிறது. வெப்பத்தை அளக்கக் கருவி கிடையாது. கலத்தைத் தொட்டுப் பார்க்கும் கைதான் கருவி. முறிந்த மண்பாண்டத் துண்டுகளைக் காய்ச்சி, முதல் மழை விழுந்த மண்ணின் வாசனையைக்கூட இவர்கள் எண்ணெயில் பிடித்து வைக்கிறார்கள். மண்வாசனைக்கு 1964-இல் "பெட்ரிகோர்" என்று பெயர் சூட்டிய ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள், உத்தரப் பிரதேசத்தில் இது ஏற்கெனவே விற்பனைப் பொருளாக இருப்பதைத் தம் கட்டுரையிலேயே குறிப்பிட்டுள்ளனர்.

இந்தத் தொழிலின் உயிர்நாடி சந்தன எண்ணெய். அடியும் அங்கேதான் விழுந்தது. 1792-இல் திப்பு சுல்தான் சந்தனத்தை அரச மரமாக அறிவித்தது முதல், தென்னாட்டில் அது அரசின் ஏகபோகமாகவே இருந்தது. பட்டா நிலத்தில் வளர்ந்தாலும் உரிமை அரசுக்கே என்பதால் விவசாயி நடவில்லை. காட்டில் இருந்ததைக் கடத்தல்காரர்கள் வெட்டினர். சத்தியமங்கலம் காட்டின் வீரப்பன் கதையைத் தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2001-இல் கர்நாடகமும் 2002-இல் தமிழகமும் சட்டத்தைத் திருத்தி வளர்ப்போருக்கே உரிமை அளித்தன. ஆனால் சந்தனத்தின் வைரம் முற்றப் பல்லாண்டுகள் வேண்டும். இடைக்காலத்தில் விலை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது.

அந்த விலை என்ன என்பது ஒரு வரிச் சோதனையால் நாடறிந்தது. 2021 டிசம்பரில், சட்டப்பேரவைத் தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்த நிலையில், கான்பூரிலும் கன்னௌஜிலும் வாசனைப் பொருள் வணிகர் ஒருவரின் இடங்களில் ஜி.எஸ்.டி. புலனாய்வுத் துறையினர் சோதனை நடத்தினர். ரூ. 190 கோடிக்கும் மேற்பட்ட ரொக்கமும் 23 கிலோ தங்கமும் சிக்கின. அதற்கு முந்தைய மாதம்தான் "சமாஜவாதி அத்தர்" என்ற பெயரில் அக்கட்சி ஒரு வாசனைத் திரவியத்தை அறிமுகம் செய்திருந்தது. ஆளும் கட்சியும் எதிர்க்கட்சியும் "அத்தர் நாற்றம்" பற்றி மேடைதோறும் மோதிக்கொண்டன. அந்தக் கூச்சலில் கவனம் பெறாத ஒரு வரி அதிகாரிகளின் செய்திக் குறிப்பில் இருந்தது: நிலவறையில் பதுக்கி வைத்திருந்த 600 கிலோ சந்தன எண்ணெயின் சந்தை மதிப்பு சுமார் ரூ. 6 கோடி. அதாவது கிலோ ரூ. 1 லட்சம்.

இந்த விலையில் சந்தன எண்ணெயை அடித்தளமாகக் கொண்ட அத்தரைச் சில நூறு ரூபாய்க்கு விற்பது நடவாத காரியம். எனவே சந்தனத்தின் இடத்துக்குத் திரவ பாரஃபினும், டி.ஓ.பி. போன்ற செயற்கைக் கரைப்பான்களும் வந்தன. பூவின் இடத்துக்கு செயற்கை மணப்பொருள் வந்தது. பெயர் மட்டும் அத்தர் என்றே நீடிக்கிறது. பாரிஸ் சென்ட்டுக்கு நகல் செய்யும் அதே பொருள்களே அத்தரையும் நகல் செய்கின்றன. ஒரு வேறுபாடு உண்டு: நகலெடுக்கப்பட்டால் வழக்குத் தொடுக்கப் பாரிஸ் நிறுவனத்திடம் வழக்கறிஞர் படை இருக்கிறது. மூங்கில் குழாய்க்குக் கயிறு சுற்றுபவரிடம் அது இல்லை.

கன்னௌஜ் அத்தருக்கு 2014-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாசனை, சுவைப்பொருள் மேம்பாட்டுக்கான மத்திய அரசின் மையம் 1991 முதல் அந்நகரில் இயங்குகிறது. ஆனாலும், உள்ளூர் காய்ச்சகங்களின் பெரிய வாடிக்கையாளர்கள் சென்ட் பூசுவோர் அல்லர். ஜர்தா, பான் மசாலா, குட்கா தயாரிப்பாளர்களே. 2012 முதல் மாநிலங்கள் அடுத்தடுத்து குட்காவைத் தடை செய்தபோது, பொதுநலனுக்கு உகந்த அந்த முடிவால் கன்னௌஜின் அடுப்புகள் பல தணிந்தன. மூக்குக்காகப் பிறந்த தொழில் வாயை நம்பிப் பிழைத்து வந்தது என்பது அப்போதுதான் பலருக்கும் புரிந்தது.

வரியும் கைகொடுக்கவில்லை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது வாசனைத் திரவியங்கள் 28 சதவீத அடுக்கில் வைக்கப்பட்டன. அதே ஆண்டு நவம்பரில் அது 18 சதவீதமாகக் குறைந்தது. ஆடம்பர சென்ட்டுக்கும் சாமானியனின் சென்ட்டுக்கும் வெவ்வேறு விகிதம் என்ற சிந்தனையே அதில் இல்லை. மறுபுறம், 2022 ஜூனில் ஜி-7 மாநாட்டின்போது பிரெஞ்சு அதிபர் மக்ரோனுக்குப் பிரதமர் மோடி அளித்த பரிசு, ஜர்தோசிப் பெட்டியில் வைத்த உத்தரப் பிரதேச அத்தர் புட்டிகள். மண் அத்தரும் அவற்றுள் ஒன்று. சென்ட் நகரமான கிராஸைத் தன்னகத்தே கொண்ட நாட்டின் அதிபருக்கு இதைவிடப் பொருத்தமான பரிசு இருக்க முடியாது. அந்த கிராஸின் சென்ட் தொழில் மரபை யுனெஸ்கோ 2018-இல் உலகின் பண்பாட்டு மரபாக அங்கீகரித்தது.

நிலக்கோட்டையிலிருந்து பாரிஸுக்கு

சென்ட்டின் இந்தக் கதையில் தமிழகத்துக்கும் நேரடிப் பங்கு உண்டு. மதுரை, திண்டுக்கல் மாவட்டங்களிலும் சத்தியமங்கலம் வட்டாரத்திலும் விளையும் மல்லிகையும் ஜாதிமல்லியும் தலையில் சூடவும் கோயிலுக்கும் போனது போக, சென்ட் ஆலைகளுக்குச் செல்கின்றன. ஹெக்சேன் கரைப்பானில் ஊறவைத்து மெழுகு போன்ற "கான்க்ரீட்" எடுக்கிறார்கள். அதை ஆல்கஹாலில் கழுவினால் "அப்சல்யூட்" என்ற தூய சாறு கிடைக்கிறது. ஒரு கிலோ சாற்றுக்கு ஏறத்தாழ 1,000 கிலோ பூ தேவை. ஐரோப்பாவின் புகழ்பெற்ற நிறுவனங்கள் பல இந்தச் சாற்றை வாங்குகின்றன.

மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஆனால் சாறாக மாறிக் கப்பலேறிய பின் அதன் ஊர்ப்பெயர் பாட்டிலில் இருப்பதில்லை. பூச்சந்தை நிலவரமோ எல்லாரும் அறிந்தது. முகூர்த்த நாளிலும் பொங்கலுக்கும் கிலோ ஆயிரக்கணக்கில் ஏறும். வரத்து மிகுந்து சரியும் நாளில் சென்ட் ஆலை தரும் விலைக்குத்தான் கொடுத்தாக வேண்டும். அரசே வாசனைத் திரவியத் தொழிற்சாலை தொடங்க வேண்டும் என்ற நிலக்கோட்டை விவசாயிகளின் கோரிக்கை, தேர்தல்தோறும் வாக்குறுதியாகத் திரும்பி வருகிறது.

இந்தியாவில் நடுத்தர வர்க்கத்தின் சென்ட் சந்தையை உண்மையில் பிடித்திருப்பவை கன்னௌஜும் அல்ல, பாரிஸும் அல்ல. "வாயு இல்லை, சென்ட் மட்டுமே" என்று விளம்பரம் செய்து வளர்ந்த "ஃபாக்" நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்கை 2021-இல் அமெரிக்காவின் கே.கே.ஆர். முதலீட்டு நிறுவனம் வாங்கியது. டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் இணைந்து உருவாக்கிய டைட்டன், கடிகாரத்தோடு நில்லாமல் 2013-இல் "ஸ்கின்" என்ற சென்ட்டுடன் களம் இறங்கியது. அசாமின் ஹோஜாயில் அகர் மரத்தை நம்பித் தொடங்கிய அஜ்மல் குடும்பம், மும்பை வழியாகத் துபை சென்று வளைகுடாவின் பெரிய சென்ட் நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்தது. அக்குடும்பத்தின் பத்ருத்தீன் அஜ்மல் 2005-இல் தனிக்கட்சி கண்டு, 2009 முதல் 2024 வரை துப்ரி தொகுதி எம்.பி.யாக இருந்தார். கடைசித் தேர்தலில் அவர் 10 லட்சத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் தோற்றது தனிக் கதை.

இவை தம் பெயரிலேயே விற்பவை, உரிமம் பெற்றவை, குறை கூற முகவரி உண்டு. சிக்கல், பெயரற்ற புட்டியில்தான். ஆல்கஹாலுக்குப் பதில் நச்சுத்தன்மையுள்ள மெத்தனால் கலந்திருந்தாலும், தோலில் தடிப்பை உண்டாக்கும் மணப்பொருள் மிகுந்திருந்தாலும், வாங்குபவருக்குத் தெரிய வழியில்லை. தோலை உறுத்தும் சில மணப்பொருள்களை ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்தது. பெருமளவில் புழங்கிவந்த "லிலியல்" 2022 மார்ச் முதல் அங்கே விலக்கப்பட்டது. பெரிய நிறுவனங்கள் கலவையை மாற்றிக்கொண்டன. பழைய சூத்திரத்தைப் பார்த்து நகலெடுத்தவர்கள் மாற்றினார்களா என்று கேட்க ஆளில்லை.

நம் நாட்டில் 2020-ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகள் சென்ட்டுக்கும் பொருந்தும். தயாரிப்பாளரின் பெயர், முகவரி, உரிம எண், தொகுதி எண், பயன்படுத்த வேண்டிய கெடு ஆகியவை புட்டியில் இருக்க வேண்டும். ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ள பொருள்களின் பட்டியலும் வேண்டும். பட்டியலுக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு: 60 மி.லி.க்குக் குறைவான திரவப் பொருளுக்கு அது கட்டாயமில்லை.

தரீபா கலானில் அத்தர் இன்றும் தோலா கணக்கில் விற்கப்படுகிறது. ஒரு தோலா என்பது ஏறத்தாழ 12 மி.லி.